ஏர் ஹோஸில் நான் போட்ட முடிச்சு

வினோத்,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஓட்டின நம் கார் இன்ஜினைக் கெடுத்தது நான். உன் மேல் துளி தப்பும் இல்லை. உன்னை ஊர் பார்க்க அடித்தேன், அதனால் இந்தக் கடிதத்தையும் ஒட்டி மூடி அனுப்பப் போவதில்லை. உன் அம்மா தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். என் மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிறவர்கள் யார் கேட்டாலும் கொடுக்கிறேன், படிக்கட்டும். போனில் சொல்லலாமே என்று அவள் கேட்டாள். போனில் நான் மூன்றாவது வாக்கியத்தில் கத்த ஆரம்பித்துவிடுவேன் என்பது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காகிதத்தில் கத்தினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு இடம் அடித்திருக்கிறேன்.

உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் காரைப் பார்க்கிறேன், ஏதாவது ஒரு நட்டைத் தொட்டுவிட்டு வருகிறேன். எல்லா நட்டும் சரியாகத்தான் இருக்கிறது. வருகிற வாரம் வெள்ளிக்கிழமை உனக்கு விமானம். அதற்குள் இதை முடித்தாக வேண்டும் என்பதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

நீ மஸ்கட் போவதைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. போகிற வேலையைப் பற்றித்தான். அங்கே உன் பெரியம்மா மகன் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் ஆள் எடுக்கிறார்கள், உன்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நீ மீன் பேக்கிங்குக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஏன் என்று உன் அம்மா கேட்டபோது, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "மெஷின் வேல வேணாம்மா. என் கைக்கு இன்ஜின் ஆவாது"னு சொன்னாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தட்டைத் தள்ளியிருப்பேன். மழை வரும் போல இருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். அதை நீ நம்பிவிட்டாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் காரின் மேல் ஆறு மாதமாகக் கிடந்த தார்ப்பாயை எடுத்தேன். நல்லவன் மாதிரி எழுத விரும்பவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். உனக்கு நியாயம் தேடி நான் அந்த இன்ஜினைத் திறக்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத் திறந்தேன். நீ குளிர்ந்த இன்ஜினை எழுப்பின உடனே ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துத் தேய்த்தாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பேரிங்கைக் கழற்றினால் தழும்பு தெரியும், அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன்.

அந்தப் பழியை எதிலிருந்து கட்டினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் விடிந்ததும் பெரியப்பாவின் கையில் கெளுத்தி மீன் முள் ஏறி, வலி தாங்காமல் துடித்தார். நீ காரை எழுப்பினாய், அவரை ஏற்றினாய், எழுப்பின வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாய். நான் பல் விளக்கிக்கொண்டு நின்று அதைப் பார்த்தேன். அந்த ஒரு நாளைத்தான் பிடித்துக்கொண்டேன். மற்ற நாட்களில் நீ என்ன செய்வாய் என்பதையும் பார்த்திருக்கிறேன். சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் எரிகிற ஆயில் விளக்கு அணைகிற வரை காத்திருப்பாய். அணைந்த பிறகும் கொஞ்சம் நிற்பாய். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நீ சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வலை பிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள், சாமி கும்பிட்டு முடிச்சாத்தான் இவன் கெளம்புவான் என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது சாமி கும்பிடுவது இல்லை என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நிற்கிற இன்ஜினில் ஆயில் கீழே தட்டில் வடிந்து கிடக்கும். எழுப்பினதும் அது மேலே ஏறி பேரிங்குக்கும் கேமுக்கும் போய்ச் சேர சில நொடி ஆகும். அந்த நொடிகளில் இரும்பும் இரும்பும் நேராக உரசுகின்றன. தினம் தினம் அந்த நேரத்தில் மிதித்தால் தேயத்தான் செய்யும். ஆயிலை மாற்றாமல் கரி ஏறவிட்டால் தேயும். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் கொதிக்கவிட்டால் பிஸ்டன் உப்பி, சிலிண்டரின் உட்சுவரான போரைக் கீறும். ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒவ்வொரு இடம் உண்டு, ஒவ்வொரு அடையாளம் உண்டு. இது எல்லாம் ஐடிஐ-யில் படித்துத் தேறித்தான் ஷெட் போட்டேன். ஆனால் அன்றைக்கு எதையும் திறந்து பார்க்காமல், ஒரு காலையில் பார்த்த ஒரு காட்சியை வைத்துத் தீர்ப்புச் சொன்னேன். வெளியாள் வண்டியாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பெற்ற பிள்ளை என்பதால்தான் திறந்து பார்க்கிற சிரமம் கூட எடுக்கவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது.

சரி, திறந்தேன். கீழே பேரிங் எல்லாம் நன்றாக இருந்தது. ஆயில் இல்லாமல் ஓடின தழும்பு ஒன்றுகூட இல்லை. கிராங்க் பளபளவென்று இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பார்த்தேன். பிறகு சிலிண்டர்களை மூடியிருக்கிற ஹெட்டைத் தூக்கினேன். போரில் விரலை விட்டு மேலே இழுத்தபோது, பிஸ்டனின் மேல் ரிங் வந்து நிற்கிற இடத்தில் படி மாதிரி ஒரு விளிம்பு நகத்தில் தட்டியது. நாலு சிலிண்டரிலும் அப்படியே. ரிங்கை எடுத்துப் போருக்குள் வைத்துப் பார்த்தேன், வாய் பிளந்துகொண்டு நின்றது. மேலே மட்டும் இப்படித் தின்றிருந்தால் காரணம் மேலேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். காற்றோடு வந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது, நீ மாற்றி வைத்தது. அப்புறம் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போகிற ஹோஸைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது.

உள்ளே விரலை விட்டுத் துடைத்தேன். வெளுத்த சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி புழுதி. நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் தண்ணீர் ஏறுகிற நம் ஏரி வற்றின இடத்தில் கிடக்கிற காய்ந்த சேற்றுப் புழுதி. கோடையில் பாதி வண்டி அதன் மேல்தான் குறுக்கே போகிறது, நீயும் போனாய், நானும் போயிருக்கிறேன். ஃபில்டர் சரியாக வேலை செய்தால் அந்தப் புழுதி உள்ளே போகாது. இது ஃபில்டரைத் தாண்டி, ஹோஸ் இளகின இடுக்கு வழியாக உறிஞ்சப்பட்டு, ஆயிலோடு கலந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி நாலு போரையும் தேய்த்திருக்கிறது.

அந்த ஹோஸ் ஏன் இளகியது? அதை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையம், கிளாம்ப், அதில் இல்லை. வலை நூல் கட்டியிருந்தது.

கட்டினது நான். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம். உனக்குத் தெரியும் அந்த வாரம் ஷெட் எப்படி இருக்கும் என்று. இரண்டு மாதம் தூங்கிவிட்டு எல்லா ஃபைபர் படகுக்காரரும் ஒரே நாளில் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், எல்லாருக்கும் நாளைக்கே கடலுக்குப் போக வேண்டும். அதற்கு நடுவில் நம் கார் ஹோஸின் கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்து உடைந்துபோனது. கிளாம்ப் பொன்னேரியில்தான் கிடைக்கும். திருப்பாலைவனம் வழியாக பஸ் பிடித்துப் போய் வர அரை நாள். நீ போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாய். நான்தான் படகு இன்ஜினைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நிறுத்தினேன். நீ அந்தப் பக்கம் போனதும் ஆணியில் தொங்கின நைலான் நூலை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதி பொய். இரண்டு முறை ஞாபகம் வந்தது, இரண்டு முறையும் இன்னொரு வேலை இருந்தது. மேலே உறை போட்டு மூடியிருந்ததால் உன் கண்ணுக்கு அது பட்டிருக்கவும் வழி இல்லை, ஷெட்டில் கிடந்த வேறு கிளாம்பைப் போட்டிருப்பேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

இங்கே எதை எடுத்தாலும் வலை நூலில்தான் கட்டுவார்கள். கதவு, கட்டில் கால், கொடி, பைக்கின் இண்டிகேட்டர். கடல் இழுக்கிற வலையையே தாங்குகிற நூல் வேறு எதைத் தாங்காது என்று கேட்பார்கள். நான் அதற்காகவே அவர்களைக் கிழித்துத் தொங்கப்போட்டவன். பெரியப்பா ஒரு முறை தன் படகின் டீசல் குழாயை நூல் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தபோது, இன்னாண்ணா, இன்ஜினையும் வலைன்னு நெனச்சிக்கினியா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சூட்டில் நைலான் இளகும் என்று பாடம் நடத்தினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதே நூலை அதே கையால் எடுத்து இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தடவை எழுந்து போய் வந்தேன். ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஷெட்டில் யாரும் இல்லை. நூலை அறுத்து ஏரியில் போட்டுவிட்டால் முடிந்தது என்று தோன்றியது. அதற்கு அடுத்து, நீ கட்டினதாகவே சொல்லிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வந்தது. பிறகு முடிச்சைப் பார்த்தேன். நீ ஷெட்டில் வளர்ந்தவன், வலை முடிச்சு போடத் தெரியாது, செருப்பு வாரைக்கூடப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்குகிறவன். அந்த முடிச்சு எங்கள் அப்பா எனக்கும் பெரியப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தது, நுனியை இரண்டு முறை உள்ளே விட்டு இழுப்பது. உன் மேல் போட வழியே இல்லாமல் என் கை அங்கே எழுதி வைத்திருந்தது. வழி இருந்திருந்தால் போட்டிருப்பேனா? போட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

ஆடி மாதமே நீ என்னிடம் வந்து சொன்னதும் இப்போது ஞாபகம் வந்து உட்காரவிடவில்லை. தினம் காலையில் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துத் துடைத்து வைப்பவன் நீ. "நைனா, ஆயில் கொறஞ்சிகினே போது. பொகையும் நீலமா வருது, ஒரு வாட்டி பாரேன்"னு சொன்னாய். நான் ஒரு படகு இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தேன். தலையை வெளியே எடுக்காமலேயே, ஓட்டுற லட்சணம் அப்படி என்று சொன்னேன். அன்றைக்குத் தலையை எடுத்து, அந்த உறையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்திருந்தால் ரிங்கை மாற்றுவதோடு போயிருக்கும். நீ திரும்பக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கிற மாதிரி நான் என்றைக்கும் பதில் சொன்னதில்லை.

அப்புறம் ஆவணியில் பெரியப்பா மகள், உன் அக்காவின் நிச்சயம். எண்ணூரில் மாப்பிள்ளை வீடு. பெரியப்பா குடும்பம் பட்டுப்புடவையும் தாம்பூலத் தட்டுமாக உன் வண்டியில் ஏறினார்கள். காட்டூர் வருவதற்குள் இழுவை போய், புகை கக்கி, நின்றுவிட்டது. தட்டுகளை எல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றி, அதன் பின்னால் நின்றுகொண்டு அவர்கள் போனார்கள். மறுநாள் காலையில் மீன் இறக்குகிற இடத்தில் நீ பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய். அவர், வுட்றா, வண்டின்னா நிக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வந்துதான் நான் கையை ஓங்கினேன். கூடை வைத்திருந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். நீ கன்னத்தைக்கூடத் தொடவில்லை. சாவியை ஐஸ் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாய். மாலையில் ஸ்ரீபெரும்புதூர் குடோன் வேலைக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம். சேர்ந்து போனால் அண்ணன் தம்பியா என்று கேட்பார்கள், எனக்கு அதில் பெருமை வேறு. இப்போது நினைத்தால், அண்ணன் மாதிரிதான் உன்னோடு போட்டி போட்டிருக்கிறேன். நீ இன்ஜினைக் காதால் கேட்டுச் சொல்லிவிடுவாய். எனக்குக் கழற்றினால்தான் தெரியும். அது எனக்கு உறுத்தியது. போதும், இதற்கு மேல் என்னைக் கழற்றிப் பார்க்க எனக்கு வராது.

நேற்றுக் காலை ஹோஸை நூலோடு எடுத்துக்கொண்டு மீன் இறக்குகிற இடத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். பெரியப்பாவின் கையில் கொடுத்து, இதுதான் அன்றைக்கு வண்டியை நிறுத்தியது, கட்டினவன் நான், பையன் மேல் ஒன்றும் இல்லை என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். பெரியப்பா ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சை நகத்தால் நெம்பினார்.

"நம்ம வூட்டு முடிச்சுடா இது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐடிஐ-ல சொல்லிக் குடுத்தாங்களோன்னு பாத்தேன்" என்றார்.

கூடைக்காரிகள் சிரித்தார்கள். ஒருத்தி, மெக்கானிக்கு நூலு வேணும்னா என்னாண்ட வா, நல்ல நூலா தரேன் என்றாள். நான் நின்றேன். ஓடிவிடத்தான் கால் பரபரத்தது, ஆனால் நின்றேன். சிரித்து முடித்த பிறகு பெரியப்பா மட்டும் சிரிக்காமல் கேட்டார். "புள்ளைக்குச் சொன்னியா?" இல்லை என்றேன். "அப்ப எங்களாண்ட இன்னாத்துக்குச் சொல்லிகினு கீற, போ" என்றார். அங்கேயிருந்து வந்துதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் பழக்கம் விடவில்லை, ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒருவன் உன்னிடம் வந்து ஏதோ குறைகிறது, சத்தம் மாறுகிறது என்று சொன்னால், தலையை வெளியே எடுத்துக் கேள். அவசரத்துக்கு எதையாவது கட்டி வைத்தால், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவை, நீ மறந்தாலும் அவன் கேட்பான். இவ்வளவுதான் இருபது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, அதுவும் இந்த வாரம்.

போரைத் திருத்தி, புது பிஸ்டன், புது ரிங் போட்டு இன்ஜினைப் பூட்டிவிட்டேன். பொன்னேரிக்கு நானே பஸ்ஸில் போய் கிளாம்ப் வாங்கி வந்தேன். ஹோஸும் புதுசு. எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. ஆனால் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். புது ரிங்கும் புதுப் போரும் ஒன்றோடொன்று படிந்து வருவது முதல் நூறு, இருநூறு கிலோமீட்டரில்தான். அப்போது மிதித்தாலும் கெட்டது, நின்ற இடத்திலேயே உறுமவிட்டாலும் கெட்டது. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்த ஓட்டத்தைப் பொறுத்துத்தான் இந்த இன்ஜினின் ஆயுள். என் காலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாலம் தாண்டுவதற்குள் மிதித்துவிடுவேன்.

விமானத்துக்கு முன்னால் ஒரு நாள் வா. பொன்னேரிக்கு மூன்று முறை போய் வந்தால் போதும். அதன் பிறகு மஸ்கட் போ, பேக்கிங்கே செய்கிறேன் என்றாலும் செய், நான் தடுக்க மாட்டேன். மீன் வேலை பிடித்துப் போகிறாய் என்றால் போ. உன் கைக்கு இன்ஜின் ஆகாது என்று நான் கிளப்பிவிட்ட பொய்யை மட்டும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகாதே. வர முடியவில்லை என்றாலும் வண்டி அப்படியே நிற்கும். தார்ப்பாய் போட்டு வைக்கிறேன், யாரையும் தொடவிட மாட்டேன், என்னையும் சேர்த்து.

அந்தப் பழைய ஹோஸை நூலோடு ஷெட் கதவில் மாட்டியிருக்கிறேன். கழற்ற மாட்டேன். சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வந்து எழுப்பும்போது ஆயில் விளக்கு அணைந்த பிறகும் நிற்பாயே, அந்த நேரம் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன். நீயாகக் கியரைப் போடுகிற வரை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் நைனா